மூச்சு வாங்குறப்ப மண்டை ஏன் வேலை செய்ய மாட்டேங்குது?

அடுத்த தடவை குன்றக்குடி மலைக்கு போறப்ப ஒண்ணு செஞ்சு பாருங்க. அடிவாரத்துல நிக்கிறப்பயே 100லேருந்து ஏழேழா கழிச்சுக்கிட்டே வாங்க, 93, 86, 79, 72, 65ன்னு, சுமாரா எவ்வளவு நேரம் புடிக்குதுன்னு பாத்துக்கங்க. அப்புறம் நடுவுல நிக்காம விறுவிறுன்னு படியேறி, மேல போயி நெஞ்சு ஏறி இறங்கிக்கிட்டு இருக்கிற அதே நிமிஷத்துல, இந்த தடவை 101லேருந்து கழிங்க (100 இதுக்குள்ள மனப்பாடம் ஆயிருக்கும்ல). 94 வந்துரும், 87 கொஞ்சம் யோசிச்சு வரும், அதுக்கு மேல "எங்க விட்டோம்?"னு நிறைய பேரு முழிப்பாங்க. ஞாபகசக்தி, கவனம் எல்லாம் எப்படி இருக்குன்னு பாக்குறப்ப டாக்டருங்க கேக்குறதும் இதே ஏழு கணக்கைத்தான். ஹார்ட் பிராப்ளம், வீசிங், முட்டி வலி உள்ளவங்க இதை பரீட்சை பண்ண வேணாம், படிச்சாலே போதும்.

அஞ்சு நிமிஷம் உக்காந்தா நமக்கு எல்லாம் சரியாயிரும். ஆனா முகப்புலேருந்து அடுப்படி வரைக்கும் நடந்தாலே மேல்மூச்சு வாங்குறவங்க இருக்காங்கள்ல, அவங்களுக்கு அந்த மலை உச்சி நிலைமை நாள் முழுக்க. அவங்க சாவியை எங்க வச்சோம்னு தேடினா, சொன்னதையே திருப்பி கேட்டா, நம்ம பக்கம் உடனே என்ன சொல்லுவோம்? "வயசாயிருச்சு, மறதி வந்துருச்சு." சில பேருக்கு அது உண்மையாவும் இருக்கலாம். ஆனா மறதிக்கு முன்னாடி மூச்சை பாக்கணும்ங்கிறது என் கட்சி, ஏன்னா மூச்சு சம்பந்தமான கோளாறுல நிறைய ஏதாவது ஒரு விதத்துல கொஞ்சமாச்சும் சரி பண்ண முடியும்.

முதல்ல மூச்சு வாங்குறதுன்னா உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துருவோம். மூளையோட அடிப்பக்கம் முகுளம்னு ஒரு பகுதி இருக்கு, ஸ்கூல் புக்ல படிச்சிருப்பீங்க, மூச்சை ஓட்டுறது அதுதான். நாம கவனிக்காமலே நிமிஷத்துக்கு 12லேருந்து 20 தடவை மூச்சு ஓடிக்கிட்டு இருக்கும். ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறினாக்கூட முகுளத்துக்கு தெரிஞ்சு போயி "வேகமா இழு"ன்னு ஆர்டர் போட்டுரும். ஆர்டருக்கு தகுந்த மாதிரி காத்து உள்ள வந்தா நமக்கு ஒண்ணும் தெரியாது. ஆர்டர் பெருசா போயி, வர்ற காத்து பத்தலைன்னா (குழாய் சுருங்கியிருக்கலாம், நுரையீரல்ல நீர் கோத்திருக்கலாம், நெஞ்சு தசை சோர்ந்து போயிருக்கலாம்) அந்த வித்தியாசத்தைத்தான் மூச்சு முட்டுதுன்னு நாம உணர்றோம். இதுல ஒரு விஷயத்தை கவனிங்க, ஆக்சிஜன் குறையாமலே மூச்சு முட்டலாம், அதே மாதிரி மூச்சு முட்டாமலே ஆக்சிஜன் குறையலாம். ரெண்டும் வேற வேற. ரெண்டுமே மண்டையை குழப்பும், ஆனா குழப்புற வழி வேற.

மொத வழி, கவனத்தை புடுங்குறது. இதை பத்தித்தான் யாரும் பேசுறதில்லை, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

ஒரு ஃபோன் நம்பரை கேட்டுட்டு டயல் பண்ற வரைக்கும் மனசுல புடிச்சு வச்சுக்கிறோம்ல, அதுக்கு வொர்க்கிங் மெமரின்னு பேரு. அதோட கொள்ளளவு ரொம்ப சின்னது, ஒரே நேரத்துல நாலு சங்கதி அளவுக்குத்தான் தாங்கும்னு இப்ப நிறைய ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. மனக்கணக்கு, பேச்சுல அடுத்த வார்த்தை, ரோட்டை கிராஸ் பண்ணலாமா வேணாமாங்கிற முடிவு, எல்லாமே இந்த சின்ன இடத்துலதான் ஓடணும். சாதாரணமா மூச்சு இந்த இடத்துக்கு வர்றதே இல்லை, அது பாட்டுக்கு கீழ முகுளத்துல ஓடும். மூச்சு முட்ட ஆரம்பிச்ச உடனே கதை மாறிருது, ஒவ்வொரு மூச்சையும் நாமளே கவனிச்சு இழுக்க வேண்டியிருக்கு, "அடுத்தது வருமா, எங்க உக்காரலாம், ஜன்னல் திறந்திருக்கா"ன்னு மனசு அதுலயே ஒட்டிக்குது. அப்போ ஆச்சிகிட்ட போயி "இந்த மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ரெண்டு, மஞ்சள் கலரை மட்டும் சாப்பாட்டுக்கு முன்னாடி"ன்னு சொன்னா அது எங்க போயி நிக்கும்? காதுல விழும், உள்ள பதியாது. பதியாத ஒண்ணை சாயங்காலம் கேட்டு "மறந்துட்டீகளா?"ன்னா என்ன அர்த்தம், மறக்குறதுக்கு மொதல்ல அது உள்ள போயிருக்கணுமே.

இது சும்மா ஊகமில்லை. நல்ல ஆரோக்கியமான ஆளுங்களை உக்கார வச்சு, காத்து சிரமப்பட்டு வர்ற மாதிரி குழாய் வழியா மூச்சு விட சொல்லி, அதே நேரத்துல கவனம், ஞாபகம், கணக்குன்னு டெஸ்ட் வச்சு பாத்திருக்காங்க. அவங்க ரத்தத்துல ஆக்சிஜன் சரியாத்தான் இருக்கும், ஆனாலும் பதில் சொல்ற வேகம் குறையுது, தப்பு கூடுது. மூளையை ஸ்கேன் பண்ணி பாத்தா மூச்சு முட்டுறப்ப இன்சுலா, அமிக்டலாங்கிற பகுதிங்க சுறுசுறுப்பாகுது, வலியும் பயமும் வர்றப்ப வேலை செய்யிற அதே ஆளுங்கதான். ஆக, மூச்சு முட்டல்னா அதோட பயமும் சேந்தே வரும். பயந்த மனசுல புது விஷயம் எவ்வளவு ஏறும்னு பரீட்சை ஹால்ல பேந்த பேந்த முழிச்சவங்களுக்கு தெரியும்.

எனக்கு தெரிஞ்ச ஒரு ஆச்சி காரைக்குடியில பலகார ஆர்டர் எடுத்து செய்யிறாக. நம்ம ஊரு வீடு எப்படின்னு உங்களுக்கு தெரியும், முகப்பு ஒரு தெருவுல, பின்கட்டு அடுத்த தெருவுல. ஃபோன் முகப்புல, அடுப்பு பின்னாடி. மணகோலம் 3 கிலோ, தேன்குழல் 2 கிலோ, சீப்பு சீடை ஒரு கிலோ, வெள்ளிக்கிழமை காலையில வேணும்னு யாராவது சொல்லுவாக, ஆச்சியும் "சரிங்க, சரிங்க"ன்னு கேட்டுக்கிட்டு வளவை (நடு முற்றத்தை) தாண்டி, ரெண்டாங்கட்டை தாண்டி, ஒரு தூணை புடிச்சு நின்னு, மறுபடி நடந்து அடுப்படிக்கு வந்து சேர்றப்ப மணகோலம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். எத்தனை கிலோங்கிறதும் போயிருக்கும். வீட்டுல எல்லாரும் ஆச்சிக்கு மறதி வியாதி வந்துருச்சுன்னு முடிவே பண்ணிட்டாக. ஆனா அதே ஆச்சி அடுப்பு முன்னாடி முக்காலியில உக்காந்து மூச்சு அடங்கின பெறகு கேளுங்க, கவுனி அரிசிக்கு எவ்வளவு தண்ணி, எந்த கல்யாணத்துக்கு எத்தனை கந்தரப்பம் சுட்டோம், யாரு பாக்கி வச்சிருக்காகன்னு அச்சு பிசகாம சொல்லுவாக. பழசு பூரா பத்திரமா இருக்கு, நடந்துக்கிட்டே புடிச்சு வச்ச புதுசுதான் வழியிலேயே நழுவிருது.

கடைசியில டாக்டர் ஊத வச்சு டெஸ்ட் எடுத்தாரு (ஸ்பைரோமெட்ரின்னு பேரு), சிஓபிடி, அதாவது நுரையீரல் குழாய் நிரந்தரமா சுருங்கி போற நோய். ஆச்சி வாழ்க்கையில ஒரு பீடி சிகரெட்டை தொட்டதில்லை. விறகடுப்பு புகைக்கு அதெல்லாம் கணக்கில்லை, வருஷக்கணக்கா அடுப்பு முன்னாடி உக்காந்த பொம்பளைங்களுக்கு இந்த நோய் வர்றது நம்ம நாட்டுல ரொம்ப சகஜம். சிகரெட் குடிக்கிற ஆம்பளைன்னா உடனே டெஸ்ட் எழுதுறாங்க, புகையில வெந்த பொம்பளைங்களை "சளி"ன்னு அனுப்பி வச்சுடுறாங்க, எனக்கு இதுல பயங்கர கோவம். இப்ப ஆச்சி ரெகுலரா இன்ஹேலர் எடுக்குறாக, கேஸ் அடுப்புக்கு மாறிட்டாக, ஃபோன் பக்கத்துல ஒரு ஸ்லேட்டு மாட்டியாச்சு. நடக்குறப்ப இன்னும் இளைப்பு இருக்கு, ஆனா ஆர்டர் தப்புறதில்லை, ஸ்லேட்டுக்கு அதுல பெரிய பங்கு.

ரெண்டாவது வழி, ஆக்சிஜனே குறையிறது. மூளை நம்ம எடையில 2 சதவீதம்தான், ஆனா உடம்பு செலவழிக்கிற ஆக்சிஜன்ல 20 சதவீதம் போல அதுக்கே போயிருது. சேத்து வச்சுக்கிற பழக்கமும் அதுக்கு கிடையாது, ரத்த ஓட்டம் சுத்தமா நின்னா பத்து செகண்டு போல நினைவு தப்பிரும். புது ஞாபகத்தை உருவாக்குற ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதி இருக்கே, ஆக்சிஜன் பத்தாக்குறையில மொதல்ல அடி வாங்குற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. வருஷக்கணக்கா ஆக்சிஜன் குறைவாவே ஓடுற சிஓபிடி ஆளுங்களுக்கு ஞாபகம், கவனம், திட்டம் போடுறது எல்லாத்துலயும் மத்தவங்களை விட தடுமாற்றம் ஜாஸ்தி.

இதுல மோசம் என்னன்னா ஆக்சிஜன் குறையிறது நமக்கே தெரியாது. 1875 ஏப்ரல்ல பிரான்ஸ்ல ஜெனித்ங்கிற பலூன்ல மூணு பேரு ஆராய்ச்சிக்காக 8,000 மீட்டருக்கு மேல ஏறினாங்க, கையில ஆக்சிஜன் பையும் இருந்துச்சு. உயிரோட இறங்கினது காஸ்தோன் திசாந்தியே ஒருத்தர் மட்டும்தான். அவரு பின்னாடி எழுதினது என்னன்னா, மேல போகப்போக கஷ்டமே தெரியலை, உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்கூட இருந்துச்சு, ஆக்சிஜன் குழாயை எடுக்கணும்னு நெனச்சப்ப கை எழும்பவே இல்லைன்னு. கோவிட் நேரத்துல நாமளும் பாத்தோம், ஆக்சிஜன் 80க்கு போன ஆளு "எனக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்"னு ஃபோன் பேசிக்கிட்டு இருந்தாங்க. மண்டையில தெளிவு குறைஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்கும் அதே மண்டைதானே வேணும், அதனால கூட இருக்கவங்கதான் கவனிக்கணும்.

அதுக்குத்தான் விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பான்ல தகுவோ அவோயாகிங்கிற இன்ஜினியர் 1970கள்ல கண்டுபுடிச்ச டெக்னிக், கோவிட்டுக்கு அப்புறம் வீட்டுக்கு வீடு கெடக்கு. பொதுவா 95க்கு மேல இருந்தா நார்மல். ஆனா அந்த நம்பரை மட்டும் நம்பி உக்காந்துராதீங்க. அது காட்டுறது ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின்ல எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏத்திக்கிட்டு போகுதுங்கிறதை. ஹீமோகுளோபினை பஸ்ஸுன்னு வச்சுக்கங்க, காரைக்குடி தேவகோட்டை ரூட்ல போற பஸ்ல எல்லா சீட்டும் ஃபுல்லுன்னு மீட்டர் சொல்லும், மொத்தம் எத்தனை பஸ் ஓடுதுன்னு சொல்லாது. ரத்தசோகை இருந்தா பஸ்ஸே கம்மி. மீட்டர்ல 98ன்னு அழகா காட்டும், ஆளு படியேறினா மூச்சு வாங்கும், மண்டை மந்தமா இருக்கும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேபடி நம்ம நாட்டுல 15லேருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால மறதியும் மூச்சு வாங்குறதும் சேந்து வந்தா ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுங்க, கூடவே பி12, தைராய்டும் பாத்துருங்க, பெரிய செலவில்லை, மூணுமே மருந்துல சரியாகக்கூடியது. இன்னொண்ணு, விரல் ஜில்லுன்னு இருந்தாலோ நகத்துல டார்க் கலர் பாலிஷ் இருந்தாலோ மீட்டர் தப்பா காட்டும்.

மீட்டருக்கு தெரியாத இன்னொரு ஆளு கார்பன் டை ஆக்சைடு. முத்தின சிஓபிடி உள்ளவங்களுக்கு இது வெளிய போகாம உள்ளயே தேங்கும், அப்ப காலையில எந்திரிச்ச உடனே தலைவலி, பகல்ல தூங்கி வழியிறது, கை உதறல், பேச்சு குழறல் எல்லாம் வரும். இதுல ஒரு ஆபத்து என்னன்னா, வீட்டுல ஆக்சிஜன் மெஷின் இருந்தா "அப்பச்சிக்கு மூச்சு முட்டுது"ன்னு பாசத்துல நாமளே கூட்டி வைப்போம். இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஆக்சிஜன் ஜாஸ்தியானா கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறி மயக்கத்துல கொண்டு விட்டுரும், அதனால இவங்களுக்கு 88லேருந்து 92க்குள்ள இருந்தா போதும்னு டாக்டருங்க வைப்பாங்க. திருகாணியை நாம தொடக்கூடாது.

இதுக்கு நேர் எதிரா, பதட்டத்துல வேகவேகமா மூச்சு விட்டா கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல வெளிய போயிரும், அப்ப மூளைக்கு போற ரத்தக்குழாய் சுருங்கும். உதட்டை சுத்தி மரமரப்பு, விரல் நுனியில எறும்பு ஊர்றது, தலை கிறுகிறுப்பு, "என்ன பேசிக்கிட்டு இருந்தேன்"ங்கிற குழப்பம். வாலிப வயசு புள்ளைங்களுக்கு இது அடிக்கடி நடக்குது. பேப்பர் பையில மூச்சு விட சொல்ற வைத்தியம் வேணாம், உண்மையிலேயே ஆக்சிஜன் குறைஞ்ச ஆளா இருந்தா வினையாயிரும்.

ராத்திரி கதை தனி. குறட்டை விட்டுக்கிட்டே இருந்தவரு திடீர்னு சத்தமே இல்லாம போயி, பத்து இருபது செகண்டு கழிச்சு "ஹக்"குன்னு மூச்சு இழுத்தா அது ஸ்லீப் ஆப்னியாவா இருக்கலாம். தொண்டை அடைச்சு மூச்சு நிக்கிறது, மூளை தட்டி எழுப்புறது, இப்படியே ராத்திரி பூரா. அன்னைக்கு படிச்சதை, பாத்ததை மூளை பத்திரப்படுத்துறதே தூக்கத்துலதான், அந்த தூக்கம் துண்டு துண்டா போனா மறுநாள் கடையில கல்லாப்பெட்டி முன்னாடி உக்காந்து தூங்கி விழறதும், சொன்னதை மறக்குறதும், சிடுசிடுன்னு விழறதும் வரத்தான் செய்யும். 1981ல ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்ங்கிற டாக்டர் காத்தை லேசான அழுத்தத்துல மூக்கு வழியா அனுப்பி தொண்டையை திறந்தே வைக்கிற சிபேப் முறையை வெளியிட்டாரு, இன்னைக்கும் அதுதான் முக்கிய சிகிச்சை. நம்ம ஆளுங்க குறட்டையை நல்ல தூக்கத்துக்கு அடையாளம்னு நெனைக்கிறாங்க, என்னத்த சொல்ல.

மருந்தையும் ஒரு கண்ணு பாருங்க. சளிக்குன்னு மெடிக்கல் ஷாப்ல நாமளா கேட்டு வாங்குற தூக்க கலக்கம் தர்ற மாத்திரைங்க வயசானவங்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் கூட்டும், அதுல நாளைக்கு மூணு வேளை போட்டுக்கிட்டு மறதின்னா எப்படி.

சரி, வீட்டுல என்ன செய்யலாம்? மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கவங்ககிட்ட எதையும் சொல்லாதீங்க, எதையும் கேக்காதீங்க, இதுதான் மொத வேலை. உக்கார வைங்க, லேசா முன்னாடி சாஞ்சு கையை முட்டி மேல ஊணிக்கட்டும், மூக்கு வழியா இழுத்து உதட்டை குவிச்சு மெதுவா ஊதி விடட்டும், உள்ள இழுக்குற நேரத்தை விட வெளிய விடுற நேரம் நீளமா இருக்கணும். முகத்துக்கு நேரா பனையோலை விசிறியால வீசி விடுங்க, முகத்துல காத்து படுறதுனால மூச்சு முட்டுற உணர்வு குறையுதுன்னு ஆராய்ச்சியிலயும் பாத்திருக்காங்க. மூச்சு அடங்கி, அவங்க ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாம பேச ஆரம்பிச்ச பெறகு விஷயத்தை சொல்லுங்க, ஒரு நேரத்துல ஒண்ணு, அப்புறம் அவங்களையே திருப்பி சொல்ல சொல்லுங்க. ஆஸ்பத்திரியில இன்ஹேலர் சொல்லி குடுக்குற அழகை பாக்கணும், மாடிப்படி ஏறி இளைச்சுக்கிட்டு வந்த மனுஷர்கிட்ட அரை நிமிஷத்துல "குலுக்கு, ஊது, அழுத்து, இழு, புடி"ன்னு ஒப்பிச்சு அனுப்பிடுறாங்க, அவரு வீட்டுல வந்து மருந்தை நாக்குலதான் அடிச்சுக்கிறாரு. அடுத்த தடவை போறப்ப நர்ஸ் செஞ்சு காட்டுறதை ஃபோன்ல வீடியோ எடுத்துட்டு வாங்க, அவங்க முன்னாடியே நம்ம ஆளை ஒரு தடவை செஞ்சு காட்ட சொல்லுங்க. பல்மனரி ரீஹாபிலிடேஷன்னு நுரையீரல் நோயாளிங்களுக்குன்னே நடை, உடற்பயிற்சி திட்டம் இருக்கு, மூச்சு வாங்குறதை நல்லாவே குறைக்கும், எங்க கெடைக்கும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. மூச்சு வாங்குதேன்னு பயந்து கட்டில்லயே கெடந்தா தசை இன்னும் தளர்ந்து, அப்புறம் பாத்ரூம் போயிட்டு வந்தாலே இளைக்கும்.

மல்லாக்க படுத்தா மூச்சு முட்டுது, கணுக்கால் வீங்கியிருக்குன்னா நுரையீரல் டாக்டரோட நிக்காம ஹார்ட்டையும் பாக்கணும், ஹார்ட் பலவீனமானாலும் இதே மறதி, மந்தம் வரும்.

அவசரம் எதுன்னு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க. மெள்ள மெள்ள மாசக்கணக்குல வர்ற மறதி வேற, நேத்து நல்லா பேசினவங்க இன்னைக்கு பேத்துறது வேற. வயசானவங்களுக்கு நிமோனியா வந்தா சில சமயம் காய்ச்சலும் இருக்காது, இருமலும் பெருசா இருக்காது, ஆளு குழம்பி போயி பகலை ராத்திரின்னு சொல்றது மட்டும்தான் வெளிய தெரியும். இப்படி திடீர்னு குழம்பினாலோ, உதடு நீலம் பாரிச்சாலோ, நாலு வார்த்தைகூட சேந்தாப்புல பேச முடியலைன்னாலோ, எழுப்ப எழுப்ப தூங்கிக்கிட்டே போனாலோ காலையில பாத்துக்கலாம்னு இருக்காம 108க்கு அடிங்க, அவங்க என்னென்ன மாத்திரை எடுக்குறாங்கங்கிற சீட்டையும் இன்ஹேலரையும் ஒரு பையில போட்டு கையோட கொண்டு போங்க.